ஒய்பி வீட்டுத் தண்ணீர்

பிறர் சொல்வதைத் திருத்துவது ஒரு வியாதி. பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தபோது எனக்குத் தொற்றிய அது, மலேசியாவின் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வாசலில் முற்றியது.

அப்போது நான் பத்திரிகையை விட்டுவிட்டு ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் (எங்கள் ஊரில் 'ஒய்பி') உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பெரிய குழாய் உடைந்து வட்டாரமே வறண்டு கிடந்தது. தண்ணீர் லோரியும் வரவில்லை. வெயிலில் வாளிகள் வரிசை பிடித்து நின்றன. இன்றும் சிவப்பு வாளியைக் கண்டால் எனக்கு அந்த வெயில் சுடும்.

வரிசையின் முன்னால் சரோஜா ஆன்டி. அவர் மகள் தேவியைக் கட்டிக்கொள்ள நான் கேட்டிருந்தேன். ஆன்டி இன்னும் பதில் சொல்லவில்லை. (அன்று சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணியது ஒய்பிக்காக இல்லை.)

ஒய்பி அங்கே வந்து வாசித்த உரையை எழுதியவன் நான். 'உங்கள் வேதனையில் பங்குகொள்கிறேன்' மாதிரி வரிகளைப் பத்திரிகையில் முதலில் வெட்டுவோம். இதிலும் வெட்டினேன். மிஞ்சியது குழாயின் அகலமும் பழுதுபார்க்கும் முறையும்தான். அவர் வாசிக்க வாசிக்கக் கூட்டம் முறைத்தது. ஒய்பி அனுபவசாலி, தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆன்டி, என் வீட்லயும் தண்ணி இல்ல. காலையில துண்ட நனைச்சுத்தான் ஒடம்ப தொடச்சேன்."

கூட்டம் இளகியது. ஆன்டி "பாவம்" என்றுகூடச் சொன்னார்.

நான் மைக்கை நோக்கிக் குனிந்தேன். "சின்னத் திருத்தம். ஒய்பி வீடு பெட்டாலிங் ஜெயாவுல இருக்கு. அங்க தண்ணி வருது."

பிறகு கிளம்பிய கூச்சலில் ஒய்பி காருக்குள் ஓடினார். எனக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. ஆன்டி காலி வாளியோடு அருகில் வந்தார்.

"பொய்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? ஷாம்பு வாசம் இங்க வரைக்கும் அடிச்சுச்சு. ஆனா கேக்க நல்லா இருந்துச்சுலா."

வேலை அன்றைக்கே போனது. கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்க தேவி வெகுகாலம் வாதாடினாள். இப்போதும் வீட்டில் புதுச் சேலை எடுத்தால் என்னிடம் மட்டும் காட்டமாட்டார்கள்.

போன மாதம் மறுபடி தண்ணீர் நின்றது. எங்களோடு இருக்கும் மாமியார் லோரித் தண்ணீர் பிடித்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாவம் அத்தை, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு" என்றேன்.

"பொய்தான மாப்பிள்ள?"

"ஆமா அத்தை."

"பரவால்ல. சொல்லிக்கிட்டே வந்து வாளிய புடிங்க."