வரிச்சலுகைக்கு உட்பட்ட பூதம்

"கோட்டை, இளவரசன், பூதம். இந்த மூணுல எதும்மா நம்ம வாழ்க்கை?" என்று ஆடிட்டர் கேட்டார்.

அக்கா திரையில் ஓடிக்கொண்டிருந்த கேமை நிறுத்தினாள். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். உரிமையோடு அப்படிக் கூப்பிடக்கூடியவன் புரோகிராமர் ஒருவன் மட்டும். அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவனையும் ஓர் ஓவியரையும் விட்டால் கம்பெனியில் வேறு ஆள் கிடையாது. பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை. பூதத்தின் உறுமல்கூடக் கீழே பல்லைக் குடையும் சத்தத்தைப் பதிவு செய்து எடுத்ததுதான்.

வீடியோ கேம் தயாரிப்பவர்களுக்கு அரசாங்கம் புதிதாக வரிச்சலுகை அறிவித்திருந்தது. லாபம் வராவிட்டாலும் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். ஒரே நிபந்தனை, கேம் இம்மக்களின் வாழ்க்கையையும் பண்பாட்டையும் பிரதிபலிக்க வேண்டும். சலுகை கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தம்பி பழைய இன்ஷூரன்ஸ் வேலைக்கே திரும்பிப் போவதாக அம்மாவிடம் சொல்லியும்விட்டான். அக்கா அவசரப்பட்டுக் கேமை வரித்துறைக்கு அனுப்பிவிட்டாள். ஆடிட்டர் அதை இன்றைக்குத்தான் பார்த்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வரித்துறை அதிகாரி போன் செய்தார். சுருக்கமாகப் பேசுகிற மனிதர்.

"ரெண்டாவது கட்டத்துல மாடிப்படிகிட்ட ஒரு பூதம் நிக்குதே. அதைப் பத்திக் கொஞ்சம் யோசிங்க."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். "நான் சொல்லல?" என்றார் ஆடிட்டர்.

அன்றைக்கே பண்பாடு ஆரம்பமானது. கோட்டை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியது. இளவரசன் தொப்பை வைத்த குடும்பஸ்தன் ஆனான். கோட்டையில் அலைந்த பேய்களை என்ன செய்வது என்று யோசித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் சொந்தக்காரர்களாக மாற்றினார்கள். ஓவியருக்கு அதில் அதிகம் வேலை இருக்கவில்லை. சொந்தக்காரர்களை வாளால் வெட்டுவது முறையல்ல என்று ஆடிட்டர் சொன்னதால், வாளைப் பிடுங்கிவிட்டுக் குடும்பஸ்தன் கையில் டீத்தட்டைக் கொடுத்தார்கள். பூதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆயிற்று.

ஓட்டிப் பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. பழைய பேய்கள் ஓர் அடி வாங்கினால் இரண்டாகப் பிரியும். அந்தக் குணம் உள்ளே அப்படியே தங்கிவிட்டது. ஒரு சித்தப்பாவுக்கு டீ கொடுத்தால் இரண்டு சித்தப்பா. இரண்டு பேருக்கும் கொடுத்தால் நாலு பேர். செயலாளரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் வாயைத் திறந்து தீ கக்கினார்.

"இதுக்கு மேல என்ன பண்பாடு வேணும்?" என்றார் ஓவியர்.

அப்படியே அனுப்பினார்கள். அதிகாரி மறுபடி போன் செய்தார். செயலாளர் தத்ரூபமாக இருக்கிறார், தன் குடியிருப்பிலும் இதே கதைதான் என்று பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒரு குடும்பஸ்தன் அவரைத் தாண்டி மாடிக்குப் போக முடியணும் இல்லையா?" என்றார்.

தனிமனித உரிமையைச் சொல்கிறார் என்று ஆடிட்டர் விளக்கம் கொடுத்தார். தம்பி செயலாளரின் தீயை அணைத்து, ஒற்றுமையைப் பற்றி நீளமான உரை ஒன்றை அவர் வாயில் வைத்தான். அவர் பேசி முடிப்பதற்குள் சித்தப்பாக்கள் பெருகிப் படிக்கட்டை அடைத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் நகரவில்லை. கம்ப்யூட்டரும் நகரவில்லை.

மூன்றாவது முறை அதிகாரியின் குரலில் எரிச்சல் இருந்தது. "இப்ப படிக்கட்டே தெரியல. நான் நேர்லயே வர்றேன்."

அவர் வந்த காலையில் பிள்ளையார் பிடிக்கப் போன கதை முடிந்தே போயிற்று. புதிய கேம் திறக்கவே மறுத்தது. அக்காவின் கம்ப்யூட்டரில் ஓடியது பழையது ஒன்றுதான். கோட்டை, இளவரசன், பூதம். தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். ஆடிட்டர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை. கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார். முதல் கட்டத்தை மடமடவென்று முடித்தார். படிக்கட்டில் பூதம் அவரைச் சாம்பலாக்கியது. மறுபடி போனார். மறுபடி சாம்பல்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. போகிற கம்பெனி போகட்டும், தான் பெற்ற பூதத்திடம் ஒருவர் இப்படி அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், நீங்க பயந்து பின்னால போறீங்க. அதனாலதான் சாகறீங்க. தீ கக்கறதுக்கு முன்னாடி அது மூச்சு இழுக்கும். அப்ப ஓடாதீங்க, நேரா கிட்டப் போய் நில்லுங்க. தூரத்துல இருக்கறவங்களைத்தான் அதால சுட முடியும்."

"கிட்டப் போறதா?"

"பெரிய ஆளைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கியே நாம பாதி வாழ்க்கையைக் கழிக்கறோம் சார். அதை மாத்தத்தான் இந்தக் கேமே செஞ்சேன். இது நம்ம வாழ்க்கை இல்லன்னா, எனக்கு வேற எதுவும் தெரியாது."

அறையில் யாரும் மூச்சு விடவில்லை, பூதத்தைத் தவிர. அது மூச்சை இழுத்தது. இளவரசன் ஓடாமல் அதன் மார்பில் போய் முட்டிக்கொண்டு நின்றான். தீ அவன் தலைக்கு மேலே போயிற்று. பூதம் தொப்பென்று உட்கார்ந்து வழி விட்டது.

அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. தம்பி கத்தினான், ஓவியர் கத்தினார், ஆடிட்டர் அதிகாரியைக் கட்டிப் பிடித்தேவிட்டார். கீழே குடையும் சத்தம் சட்டென்று நின்றது.

அதிகாரி மெல்லத் தம்மை விடுவித்துக்கொண்டு சட்டையை நீவினார். "பண்பாடு போதுமான அளவு இருக்கு. சலுகை உண்டு. இந்தக் கோட்டையையே வெளியிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினார்.

அக்கா தம்பியின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. தன் பேச்சு அரசாங்கத்தையே மாற்றிவிட்டது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அதிகாரியின் பையை எடுத்துப் போக மேலே வந்த டிரைவரிடம்கூட அதைப் பெருமையாகச் சொன்னாள்.

டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவரு முதல் நாளே ஃபைல்ல கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. பூதத்தைத் தாண்டாம அனுப்ப மாட்டேன்னுதான் வீம்பா வச்சிருந்தாரு."