நாலு பேர் மட்டும்

“சகோதரர் கிங்ஸ்டன், அவர் மனைவி டார்லின், இரண்டு பிள்ளைகள், ஆக நாலு பேர் வருகிற பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை கொடைக்கானல் போகிறார்கள். பிரயாணம் சுகமாய் அமைய ஜெபிப்போம். பெயர் வாசிக்க வேண்டாம்.”

குருவானவர் சீட்டில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் மைக்கில் வாசித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கிங்ஸ்டன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தான். பெண்கள் பக்கத்தில் ஏழெட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தன. அதில் ஒன்று அவனுடைய ஜெபகனி அத்தையின் தலை.

தப்பு அவனுடையதுதான். சீட்டை எழுதிப் பெட்டியில் போட்டது அவனே. போடாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். அவர்கள் குடும்பத்தில் தென்காசிக்குப் பெண் பார்க்கப் போனாலும் கோயிலில் ஜெபச் சீட்டுக் கொடுக்காமல் வண்டி ஏறியது கிடையாது. இதுவோ மலைப்பாதை. பின்சீட்டிலோ, ஊஞ்சல் ஆடினாலே வாந்தி எடுக்கிற மூன்று வயதுப் பையன். ஜெபம் இல்லாமல் வத்தலக்குண்டைத் தாண்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் கடைசி வரியை எழுதினான். அதையும் சேர்த்து வாசித்தால் மனிதன் என்ன செய்வான்?

அவன் இப்படிப் பயப்படக் காரணம் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் கல்யாணம் முடிந்த கையோடு புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு இதே கொடைக்கானலுக்குப் போனான். கூடவே சொந்தக்காரர்கள் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று நாளும் டார்லின் ஜெபகனி அத்தையோடு ஒரே கட்டிலில் படுத்தாள். அவன் ஆண்களோடு ஹாலில் படுத்தான். திரும்பி வரும்போது, “ஒருநாள் உன்னைத் தனியா கூட்டிட்டு வாறேன் பாரு” என்று அவள் காதில் சத்தியம் செய்தான். அப்புறம் ஜெனிலா பிறந்தாள். அப்புறம் சின்னவன் பிறந்தான். சத்தியம் அப்படியே கிடந்தது.

இந்த வருடம் எப்படியும் நிறைவேற்றிவிடுவது என்று ஏப்ரல் தொடக்கத்திலேயே களத்தில் இறங்கினான். அவன் வேலை பார்க்கிற பள்ளிக்கூட அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தான். அறை பதிவு செய்தான். கார் மலை ஏற இ-பாஸ் எடுத்தான்.

“டார்லின், இந்தத் தடவை நாம நாலு பேரு மட்டும்.”

“ம்” என்றாள் டார்லின். முதல் வகுப்பு டீச்சர். முப்பத்திரண்டு பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை அப்போது திருத்திக்கொண்டிருந்தாள். அந்த ‘ம்’மில் ஏழு வருட ஏக்கம் இருந்ததாக அவனுக்குப் பட்டது. கண் கலங்கிவிட்டது.

அந்த வேகத்தில் நான்கு நாளுக்கும் மணிவாரியாக ஓர் அட்டவணை தயாரித்து அவளிடம் காட்டினான். ஆறு மணிக்கு டார்லின் பால் காய்ச்சுவாள். ஆறரைக்கு டார்லின் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள். ஏழரைக்கு டார்லின் சின்னவனுக்கு ஊட்டுவாள். இப்படி அவள் பெயர் இருபத்து மூன்று இடங்களில் வந்தது. அடியில் ஒரே ஒரு வரி: கிங்ஸ்டன், மேற்பார்வை. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டான்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் ஜெபகனி அத்தை பிடித்துவிட்டாள்.

“ஏலே கிங்ஸ்டன், கொடைக்கானலா போறிய? சொல்லவேயில்ல?”

“அது வந்து அத்தை, திடீர்னு...”

“எனக்குக் குளிரு ஆகாதுதான். மூட்டு பிடிச்சுக்கிடும். ஆனா சின்னப் பிள்ளையள வச்சிக்கிட்டு நீங்க அங்கன தனியா கெடந்து தவிப்பியளே, அதுக்காவ வாறேன்.”

“கார்ல இடம் இல்ல அத்தை.”

“பாத்துக்கிடலாம்” என்றாள் அத்தை. இந்த ‘பாத்துக்கிடலாம்’ என்ற சொல்லைக் கேட்டால் கிங்ஸ்டனுக்கு ஜுரம் வரும்.

வீட்டுக்கு வந்ததும் டார்லினிடம் தைரியம் சொன்னான். “நீ ஒண்ணும் கவலைப்படாத. கார்ல சாமானோட நாலு பேருதான் போக முடியும். அந்த ஒத்தைக் காரணத்தையே பிடிச்சுக்கிடுதேன். யாரும் அசைக்க முடியாது. ஆமா, என் துண்டு எங்க?”

“உங்க தோள்லதான் கெடக்கு” என்றாள் டார்லின்.

அன்று மாலையே நாங்குநேரியிலிருந்து அப்பாத்துரை சித்தப்பா போன் செய்தார். ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர். போனிலும் பிரேயர் கூட்டத்தில் பேசுகிற குரல்தான்.

“ஏலே, கார் எதுக்குலே? இருவது சீட்டு வேன் பேசியாச்சு. நானும் ஒங்க சித்தியும் வாறோம். வள்ளியூர்ல இருந்து உன் மச்சான் குடும்பம் அஞ்சு பேரு.”

“சித்தப்பா, இ-பாஸ் காருக்குத்தான எடுத்திருக்கேன்!”

“வேனுக்கும் எடுத்தாச்சுலே.”

போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு பன்னிரண்டாகிவிட்டது. டார்லின் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

“இரு, இன்னும் ஒரு வழி இருக்கு” என்றான். “நமக்கு எடுத்திருக்கது ஒரே ஒரு ரூம். மே மாசம் கொடைக்கானல்ல தலைகீழா நின்னாலும் இன்னொரு ரூம் கிடைக்காது. நாளைக்கு சித்தப்பாகிட்ட அதைச் சொல்லி முடிச்சிருதேன்.”

“ம்” என்றாள் டார்லின்.

மறுநாள் சித்தப்பாவை அழைத்தான். வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“ரூமைப் பத்திக் கவலைப்படுதியாமே? அது முடிஞ்சிட்டுலே. தெரிஞ்சவங்க பங்களா ஒண்ணு கிடைச்சிருக்கு. ஆறு ரூம். ஹால்ல பாய் விரிச்சா இன்னும் பத்து பேரு படுக்கலாம். அதனால உன் பெரிய மதினி வீட்ல எட்டு பேரையும் வரச் சொல்லியாச்சு. நீ எடுத்த ரூமைக் கேன்சல் பண்ணிரு.”

“நான் கவலைப்படுதேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“தெரியும்லே. ரத்த சம்பந்தம்லா!” என்றார் சித்தப்பா.

கிங்ஸ்டனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இவன் நினைப்பதற்கு முன்னால் அவர்கள் செய்து முடிக்கிறார்களே, இது என்ன வித்தை? ஜெபச் சீட்டின் வல்லமை இவ்வளவு என்று தெரிந்திருந்தால் வேறு எதற்காவது எழுதிப் போட்டிருக்கலாம்.

அடுத்து சாப்பாட்டில் கை வைத்தான். அவன் குடும்பத்தார் எதையும் தாங்குவார்கள், ருசியில்லாத சாப்பாட்டைத் தாங்க மாட்டார்கள். “அங்க போயி சமையலே கிடையாது, நாலு நாளும் ரொட்டியும் ஜாமும்தான்னு சொல்லிப்புடுதேன். பாதிப் பேரு கழண்டுருவாவ” என்று டார்லினிடம் திட்டத்தை விளக்கினான். சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த டார்லின், “நல்ல யோசனைதான்” என்றாள். “இந்தா, இவனுக்கு ரெண்டு வாய் ஊட்டுங்களேன்” என்று கிண்ணத்தை நீட்டினாள்.

“எனக்கு யோசிக்கிற வேலை இருக்குல்லா” என்றான் கிங்ஸ்டன்.

சனிக்கிழமை காலையில் ஜெபகனி அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே இரட்டை அடுப்பு, இரண்டு அண்டா, அரை மூட்டை அரிசி, வறுத்து அரைத்த மசாலா, ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து.

“பிள்ளையளுக்கு ரொட்டியப் போட்டு வயித்தைக் கெடுக்கப் பாக்கியா? அதெல்லாம் நாங்க சமைச்சுக்கிடுதோம். டார்லின் அடுப்பாங்கரைப் பக்கமே வரக்கூடாது, ஆமா.”

கிங்ஸ்டன் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான். இனி என்ன செய்ய? யாரிடம் போய் முறையிட? ஆறு வயது ஜெனிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, கொடைக்கானல்ல மேகத்தைத் தொடலாமாப்பா?”

“தொடலாம்மா. மேகத்துக்கும் நமக்கும் நடுவுல பதினாறு பேரு நிப்பாவ” என்றான்.

இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. அது பொய். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் தூங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு, தன் சொந்த வீட்டில் திருடன் போல டார்லினிடம் கிசுகிசுத்தான்.

“கேளு. சின்னவனுக்குக் காய்ச்சல், நாங்க வரலன்னு நாளைக்குச் சாயங்காலம் சொல்லிருவோம். ஆனா நாளைக்கு மத்தியானமே நாம நாலு பேரும் கார்ல கிளம்பிருவோம். வேற மலைக்கு. கொடைக்கானலே வேண்டாம், அவங்களே போய்க்கிடட்டும். மாஞ்சோலைப் பக்கமோ, குத்தாலமோ, எங்கயாவது. வழியில பாத்துக்கிடலாம்.”

அவனையும் அறியாமல் அந்தச் சொல் அவன் வாயில் வந்துவிட்டது.

டார்லின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “புள்ளைக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லுவியளா?”

“உனக்காவத்தானே சொல்லுதேன்!”

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உண்மைக்கும் பாசத்துக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறாள் என்று கிங்ஸ்டன் நினைத்தான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காரில் பையை ஏற்றப்போனவன், வாசலிலேயே நின்றுவிட்டான். தெருமுனையில் இரண்டு ஆட்டோ திரும்பியது. அப்பாத்துரை சித்தப்பா, சித்தி, வள்ளியூர் மச்சான் குடும்பம் முழுவதும், பெட்டி படுக்கையோடு.

“நாளைக்குக் காலையில அங்கங்க நின்னு ஏத்திக்கிட்டு இருந்தா நேரமாயிரும்லே. அதான் இன்னைக்கே வந்துட்டோம். எல்லாரும் ஒரே இடத்துல இருந்து கிளம்பிருவோம்” என்றார் சித்தப்பா. உள்ளே நுழைந்ததும் சின்னவனைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல் ஒண்ணும் இல்லையேலே. ஜில்லுன்னுலா இருக்கான்.”

கிங்ஸ்டன் பையைக் கீழே வைத்தான். தோற்றுவிட்டான். முழுசாகத் தோற்றுவிட்டான்.

மத்தியானம் வீட்டில் எள் போட இடமில்லை. ஹாலில் சித்தப்பா மலைப்பாதையில் வாந்தி வராமல் தடுப்பது எப்படி என்று சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். சித்தி சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஜெனிலாவுக்கு வள்ளியூர் மச்சான் மனைவி தலை பின்னிக்கொண்டிருந்தாள். கிங்ஸ்டன் மெதுவாக அடுப்பங்கரைக்குப் போனான். டார்லின் பேருக்கு ஒரே ஒரு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர்.

அவன் அவள் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கிக் கீழே வைத்தான்.

“டார்லின், என்னை மன்னிச்சிரு. ஏழு வருஷமா நீ காத்துக்கிட்டு இருந்த. ஒரு சீட்டு எழுதிப் போட்டு எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன். நான் ஒரு மடையன்.”

டார்லின் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “விடுங்க. நம்ம சொந்தக்காரங்கதானே. நான் தாங்கிக்கிடுவேன்.”

என்ன மனசு! எப்பேர்ப்பட்ட மனசு! அவளுக்குத் தான் தகுதியில்லாதவன் என்று அந்த நிமிடத்தில் அவன் முழுமனதாக நம்பினான். உடனே, “என் கம்பளிக் குல்லாவ எங்க வச்ச?” என்று கேட்டான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் வந்து நின்றது. டிரைவர் சல்மான் ஃபாரிஸ், மேலப்பாளையத்துக்காரன், முப்பது வயதிருக்கும். அண்டாவைப் பின்னால் ஏற்றினான், அடுப்பைக் கயிறு போட்டுக் கட்டினான். சித்தப்பா ஜெபம் செய்தார். அதற்குள் வேன் கயத்தாறே போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவு நீளம். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். சின்னவன் சித்தி மடியில். ஜெனிலா அத்தைக்கும் அப்போதுதான் வந்து சேர்ந்த பெரிய மதினிக்கும் நடுவில். டார்லின் கடைசி வரிசை ஜன்னலோரம் போய்த் தனியாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

முகத்தை மூடி அழுகிறாள் என்று கிங்ஸ்டனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வேனுக்குள் ஏற அவனுக்குக் கால் வரவில்லை. கீழேயே நின்றான். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் டிரைவர்தான் இருந்தான்.

“நாலு பேரா போக வேண்டியது தம்பி. நாலே நாலு பேரு. எங்க சித்தப்பா வந்து வேனைப் பேசி, எல்லாம் பாழாப் போச்சு.”

“சித்தப்பாவா?” கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த சல்மான் ஃபாரிஸ் திரும்பினான். “இல்லையே அண்ணாச்சி. வண்டி பேசினது டார்லின் டீச்சர்லா. என் மகன் அவங்க கிளாஸ்தான். போன மாசம், பரீட்சைத் தாள் குடுத்த அன்னைக்கே பேசிட்டாவ. ‘எங்க வீட்டு ஆளுக எல்லாருக்கும் நானே போன் போட்டு வரச் சொல்லிருதேன், இருவது சீட்டு வேணும்’னு டீச்சர் சொன்னாவ.”

கிங்ஸ்டன் வேனின் கடைசி ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

“பாவம், அவங்களும் என்ன செய்வாவ?” என்றபடி டிரைவர் வேனுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினான். “‘மூணு பிள்ளையள ஒத்தையில என்னால மேய்க்க முடியாது தம்பி, அதுலயும் மூத்தது ரொம்பப் படுத்தும்’னு சொன்னாவளே. உள்ள ரெண்டுதான் இருக்கு. மூத்த பிள்ளை எங்க, அண்ணாச்சி?”