சம்பந்தியம்மாவுக்கு ஒப்புவித்த வாய்ப்பாடு

பிறமொழி பேசப்போய் ஒருவன் சபையில் அவமானப்பட்டால், குற்றம் அந்த மொழியுடையது, பேசியவனுடையது அல்ல. இதை எவர் வீட்டு வாசலிலும் நின்று சொல்வேன்.

என் மகள் மதுரா விரும்பியது மிலானை. நல்ல பெடியன். கலியாணப் பேச்சுக்காக அவனுடைய தாயும் தகப்பனும் சேர்பியாவிலிருந்து வந்திருந்தார்கள். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. 'இந்த ஆட்கள் என் பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக நினைப்பார்களா?' என்ற கவலை தீராமல் சம்மதிக்க மாட்டாராம்.

"அப்பா, மிலானில எங்களுக்கு அன்பு எண்டு அவையின்ரை லாங்குவேஜில ஒரு வசனம் சொல்லுங்கோ. பிளீஸ்," என்றாள் மகள்.

ஒரு வசனத்தோடு நின்றிருக்கலாம். நான் வினைச்சொல்லை அடியிலிருந்தே படித்தேன். (கொழுப்பு.) அஜின்கோர்ட்டிலிருந்து விட்பிக்கு வேலைக்குப் போகிற வழியெல்லாம் காருக்குள் கத்தினேன்: வோலிம், வோலிஷ், வோலி, வோலிமோ, வோலிதே, வோலே. நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய், அவர், நாங்கள், நீங்கள், அவர்கள். இது நிகழ்காலம் மட்டும். இறந்தகாலத்தில் 'நான் போனேன்' என்பதை ஆண் ஒரு மாதிரியும் பெண் வேறு மாதிரியும் சொல்ல வேண்டுமாம். செய்து முடித்த வேலைக்கு ஒரு வினை, செய்துகொண்டிருக்கிற வேலைக்கு இன்னொன்று. இந்தச் சனம் எப்போதுதான் பேசி முடிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டு மேசையில், இடியப்பத்துக்கு முன்னால். நான் எழும்பினேன். எனக்குத் தேவை 'நேசிக்கிறோம்' மட்டும். ஆனால் வாய்ப்பாட்டில் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஓடிவந்து ஏறுகிறவன் நான். எங்கள் பள்ளிக்கூடம் அப்படித்தான் பழக்கியது.

"வோலிம்," என்றேன், சம்பந்தியம்மாவின் கண்ணைப் பார்த்து. நான் நேசிக்கிறேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வோலிஷ்." நீ நேசிக்கிறாய். மிலானுக்குப் புரையேறியது.

"வோலி" என்றபோது என் பார்வை அவருடைய கணவரில் போய் விழுந்தது. 'வோலிமோ' வந்தது, வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை. கடைசிவரை ஓடி, மூச்சு வாங்கி, "வாஷெக் சினா" என்று ஒட்டினேன். உங்கள் மகனை.

"ஐயோ அப்பா, ஸ்டொப்," மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தாய் மிலானிடம் ஏதோ கேட்டார். அவன் இருமலுக்கிடையே ஆங்கிலத்தில் சொன்னான்: "நான், நீ, அவர், எல்லாருமே என் பிள்ளையை நேசிக்கிறார்களா என்று அம்மா கேட்கிறார்."

"ஓம் எண்டு சொல்லும்," என்றேன். "ஒருத்தரையும் விடேல்லை."

அம்மையார் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மதுராவைக் கட்டிப்பிடித்தார். கலியாணம் மார்க்கம் நகரில் அமோகமாக நடந்தது.

சம்மதம் வாங்கிக் கொடுத்தவன் நான். அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும், தேத்தண்ணி ஆற முன்னமே என் மனைவி சாந்தி தொடங்கிவிடுவாள்:

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்னட்டை ஒருக்கால் சொல்லாத மனுசன். வேறை மனுசியிட்டை, அவவின்ரை புருசனையும் பக்கத்தில வச்சுக்கொண்டு, நிப்பாட்டாமல் சொல்லிச்சுது."