போர்டிகோ மேல் நாலு குதிரை

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. போருக்குக் கிளம்பும் முன்பே வெற்றிச் சின்னத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிற ரகம். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள், குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் சாப்பிடுவார்கள், பஸ்ஸில் தூங்குவார்கள். ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். போனை எடுத்து ஒரு படம் காட்டுவார்கள். மனைவி மக்கள் படம் என்று நினைத்தீர்களா? ஊரில் கட்டுகிற வீட்டின் முகப்பு. 'எலிவேஷன்' என்பார்கள். உள்ளே எத்தனை அறை என்று கேட்டுவிட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சிவகங்கைப் பக்கத்து நாகலிங்கம் இந்த ரகத்தில் முதல் தரம். அஜ்மானில் ஆறு பேர் தங்கும் ரூமில் அவருக்கு மேல் கட்டில். துபாயில் எழும்பும் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டும் கூட்டத்துக்கு அவர்தான் போர்மேன். கம்பெனி பஸ் தினமும் ஒரு ஹோட்டலைத் தாண்டிப் போகும். அதன் வாசல் வளைவின் மேல் நாலு குதிரை பூட்டிய தேர் ஒன்று, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். அது எதற்கு என்று நாகலிங்கத்துக்கும் வெகுநாள் தெரியாது. எதையும் போனில் தேடிப் படித்துவிடுகிற கீழக்கரை ஜாபர் சாதிக், கீழ் கட்டில்காரர், அவர்தான் விளக்கினார்.

"அந்தக் காலத்துல ரோமாபுரி ராஜாக்க சண்டையில ஜெயிச்சா நாலு குதிர பூட்டுன தேர்ல ஊர்வலம் வருவாங்களாம்ணே. அதையே செல செஞ்சு வளைவு மேல வச்சுருவாங்க."

"ஜெயிச்சவுகதான் வைக்கணுமோ?"

"பின்ன? தோத்தவன் வைப்பானா?"

நாகலிங்கம் யாரை ஜெயித்தார் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பங்காளி அழகுமலையை. அவர் குவைத்தில், மங்காஃபில் இருக்கிறார். ஊரில் நாகலிங்கம் கட்டுகிற வீட்டுக்கு நேர் எதிரே அவர் வீடு. அழகுமலை தன் மாடிச் சுவரில் இரண்டு குதிரை வைத்திருந்தார். இரண்டுக்குப் பதில் தேரோடு நாலு. வேறு சண்டை எதுவும் நடக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டு வேலை வாட்ஸப்பில் பறந்தது. போர்டிகோ மேல் நாலு சிமென்ட் குதிரை தாங்காது என்றார் ஊர் இன்ஜினியர். சைட்டில் சாரத்தின் மேல் ஒரு பலகை கூடுதலாக ஏறினாலும் "லோடு, லோடு" என்று கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்துகிற நாகலிங்கம், "ஒரு தூணைக் கூடப் போடுங்க, எல்லாம் தாங்கும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். தூண் போட்டார்கள். அது அடுப்படி ஜன்னலை மறைத்துக்கொண்டு எழும்பியது. அடுப்படியில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும் என்று மனைவி பஞ்சவர்ணம் சொன்னபோது, அடுப்படியை யார் தெருவிலிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அடுத்தது திசை. குதிரைகள் தெருவைப் பார்த்து நின்றால் வீட்டு லட்சுமி அதில் ஏறிப் போய்விடுவாள், வீட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். நாகலிங்கத்துக்கு முதலில் சந்தோஷம். எதிர்வீட்டு அழகுமலை ஊருக்கு வந்தால் தினமும் நாலு வாலில் விழிப்பாரே. பிறகுதான் உறைத்தது. வால் பக்கம்தான் எலிவேஷன். அந்தப் படத்தை ரூமில் யாரிடம் காட்டுவது? இரண்டு ஜோசியரிடம் கேட்டார். ஒருவர் உள்ளே என்றார், ஒருவர் வெளியே என்றார். சிற்பி பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் கால்தானே என்று பதினாறு கால்களுக்கும் கம்பி கட்டிச் சிமென்ட் பூசி நிறுத்திவிட்டு, அதற்கு மேல் உத்தரவுக்காகக் காத்திருந்தார்.

பத்தாவது படிக்கும் மகள் அகிலா ஒருநாள் வீடியோவில் கேட்டாள். "அப்பா, தேர்ல யாரு நிப்பா?"

"யாரும் இல்ல. தேர் மட்டுந்தான்."

"அப்ப யாரு ஜெயிச்சதா அர்த்தம்?"

டவர் கிடைக்கவில்லை என்று நாகலிங்கம் போனை வைத்தார்.

அவர் ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. வைகாசியில் கிரகப்பிரவேசம், அதற்கு லீவு என்று பேச்சு. குதிரை முடியாததால் லீவை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, விசேஷத்தைத் தள்ளிப் போடச் சொன்னார்.

"வைகாசிய விட்டா ஆவணிதான். வாடக வீடு ஒழுகுது. நீங்க வாங்க, போதும்" என்றாள் பஞ்சவர்ணம்.

"குதிரை இல்லாம வந்து எதக் காட்டுறது?"

"உங்களக் காட்டுங்க."

இந்த ரகத்துக்கு இந்த மாதிரி வாக்கியம் காதில் விழாது. லீவு என்பது அவர்களுக்கு வெற்றி ஊர்வலம். தேர் இல்லாமல் ஊர்வலம் போவார்களா?

பஞ்சவர்ணம் குறித்த நாளில் பால் காய்ச்சிவிட்டாள். தம்பதியாக உட்காருங்கள் என்றார் ஐயர். வளைகுடா வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டதல்லவா, அதன்படி பக்கத்து மணையில் போனை வைத்து, சாயாமல் இருக்கச் செம்பை முட்டுக்கொடுத்தார்கள். சைட்டிலிருந்து வீடியோவில், மஞ்சள் ஹெல்மெட்டோடு, நாகலிங்கம் மணையில் அமர்ந்தார். ஐயர் மாலையைப் போன் பக்கம் நீட்டினார்.

"வேணாம் சாமி. படத்துக்குப் போட்ட மாதிரி ஆயிரும்" என்றாள் பஞ்சவர்ணம்.

நாகலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றினார். பால் பொங்கியதும் அவள் போனை எடுத்து அடுப்படியைக் காட்டினாள். தன் வீட்டு அடுப்படியை அவர் அன்றுதான் பார்த்தார்.

"லைட்டப் போடு புள்ள."

"போட்டுத்தான் இருக்கு."

அவள் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "குதிர நிக்கிறதுக்கு ஊரெல்லாம் கேட்டீக. நீங்க எப்ப வரணும்னு ஒருத்தர்ட்டயும் கேக்கலையே" என்றாள்.

வருகிறேன் என்று சொல்ல அவர் வாய் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தார். "மேல ஒரு தடவ காட்டு" என்று வந்தது.

அவள் வாசலுக்குப் போய்க் காட்டினாள். போர்டிகோ மேல் பதினாறு கால்கள். அதற்கு மேல் வானம்.

"காலு நல்லா வந்திருக்கு" என்றார் நாகலிங்கம்.

பஞ்சவர்ணம் போனை வைத்துவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் மாடியில் குதிரை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இது மட்டும் முடியட்டும், வந்துடுறேன்" என்று போன வாரமும் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னீர்களே, எது முடியட்டும் என்றீர்கள்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அவர்களும் எத்தனை நாளைக்குத்தான் மணையில் போனை உட்கார வைப்பார்கள்?