‘அணை’க்கு மூன்று அட்டைகள்

“ஐயா, இந்த ‘அணை’ என்னங்கய்யா? தண்ணியைத் தடுக்கிற அணையா, கட்டி அணைக்கிறதா, விளக்கை அணைக்கிறதா?”

பதிப்பகத்தில் அச்சுப்பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துநர் தொலைபேசியில் கேட்ட இக்கேள்விக்குக் கவிஞர் முதலில் ஒரு பெருமூச்சை அருளினார்.

“பூ தன் வாசனைக்கு உரை எழுதுமாய்யா? படைச்சவன் விளக்கக் கூடாது. விளக்கினா அது கவிதை இல்ல, நோட்டீஸ்.”

இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மேசைமீது கிடந்த அச்சுப்படியில் அக்கவிதை நான்கே அடிகளில் நின்றது:

அணை, அணை!
பொங்குது பார், வழியுது பார்.
எத்தனை தடவை சொல்றது?
எல்லாம் போச்சு.

நூலின் பெயரும் ‘அணை’தான்; அட்டைப்படம் தேடும் வேலையும் திருத்துநர் தலையிலேயே விழுந்திருந்தது. பொருள் அறியாமல் அட்டைக்குப் படம் தேர்வது எங்ஙனம்? முந்தைய நூலில் ‘அணிந்துரை’ என்பது ‘அணில்துரை’ என்று அச்சேறிவிட்டமையால், இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் எச்சரித்திருந்தார்.

பொங்குவதும் வழிவதும் வெள்ளமே என்று துணிந்த திருத்துநர், அணைக்கட்டின் படத்தை அட்டையில் வைத்து அனுப்பினார்.

“நான் கவிஞனா, இன்ஜினீயரா?” என்றார் கவிஞர்.

மறுநாள் அட்டையில் இரண்டு கைகள் தழுவிக்கொண்டன.

“என்னய்யா இது, கல்யாணப் பத்திரிகையா?”

மூன்றாம் நாள், அணைந்த விளக்கொன்று புகைந்தது.

“மின்வெட்டு அறிவிப்புன்னு நினைச்சுடப் போறாங்க!”

சலித்துப்போன திருத்துநர், அடிக்குறிப்பில் மூன்று பொருளையும் வரிசையாகக் கொடுத்தார். அதுவே வினையாயிற்று. தம் கவிதைக்கு உரை எழுதிய குற்றத்தைக் கவிஞர் மேலாளரிடமே முறையிட்டார்.

“சாயங்காலத்துக்குள்ள அவர் வாயாலயே அர்த்தத்தை வாங்கிட்டு வாங்க,” என்றார் மேலாளர். “இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

கவிஞர் தம் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் மலர்ந்து கிடந்தார். சமையலறையில் அவருடைய அக்காள் பாத்திரம் தேய்க்கும் ஓசை இடைவிடாது கேட்டது.

“என் வேலை போயிடுங்கய்யா. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

விளக்குவது இழிவு என்ற அதே வாய், கேட்பதற்கு ஒருவர் எதிரில் அமர்ந்தவுடன் முக்கால் மணி நேரம் விளக்கியது. அணை என்பது நாகரிகமாம், பொங்குவது காலமாம், வழிவது மனிதகுலமாம். ‘எல்லாம் போச்சு’ என்பதற்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஆயிற்று. குறிப்பெடுத்த திருத்துநருக்குக் கை ஓய்ந்தது.

“இன்னொண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதீங்க,” என்று கவிஞர் குரலைத் தாழ்த்தினார். “இதை நான் எழுதல. என் கவிதையெல்லாம் வாயால சொல்வேன், போன் எழுதிக்கும். அன்னைக்குச் சொல்லிக்கிட்டே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா, இது அதுல இருக்கு! எங்கேருந்தோ இறங்கி வந்திருக்கு!”

தேய்க்கும் ஓசை நின்றது. அடி கருகிய பாத்திரமும் கையுமாக வந்த அக்காள், திருத்துநரின் தோளுக்கு மேலாக அச்சுப்படியை எட்டிப் பார்த்து, நான்கு அடிகளையும் உரக்கப் படித்தார். அத்துணைப் பொருத்தமான கோபத்தோடு அக்கவிதையை அதுகாறும் எவரும் படித்ததில்லை.

“அடப்பாவி, பால் பொங்குது, அடுப்பை அணைன்னு அன்னைக்கு நான் கத்தினதுடா இது! நீ எழுந்திருக்கல, உன் போன்தான் எழுதிக்கிச்சு!”