பசுமைக் கடனைத் தின்ன வந்த மான்கள்

படிவம் நிரப்பும்போதுதான் மனிதன் மிக நல்லவனாக இருக்கிறான். நான் நிரப்பிய படிவத்தின்படி, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தொழிற்சாலை ஒரு சிறு காடு. உண்மையில் அங்கே கார்களுக்கு இறப்பர் கால்விரிப்புச் செய்கிறோம்.

சூழலையும் தொழிலாளரையும் வருத்தாதவர்களிடம்தான் இனிச் சாமான் வாங்குவோம் என்று வெளிநாட்டுக் கார்க் கம்பனி எழுதிவிட்டது. புகை கக்கும் பழைய பொயிலரை மாற்றவேண்டும். பரிசோதகர் சரி என்றால் வங்கி குறைந்த வட்டியில் பசுமைக் கடன் தரும். இல்லையென்றால் கார்க் கம்பனியின் ஓடரும் போகும், நாற்பது பேரின் வேலையும் போகும். முகாமையாளர் நான். (படித்தவன் என்று நம்பியிருந்தார்கள், பாவம்.)

முந்தின நாள் அறுபது கன்றுகளை வாங்கி முற்றத்தில் நட்டேன். மிஞ்சிய இறப்பர் வெட்டுத் துண்டுகள் குவிந்துகிடந்த பின்கொட்டிலைப் பூட்டினேன். களஞ்சியம் பார்க்கும் ரமீஸா தயங்கினாள்.

"சேர், மான் வருமே?"

"மானுக்கு இங்க என்ன வேலை?"

(மான்கள் கடைத்தெருவில் மரக்கறித் தோல் தின்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் நான்.)

காலையில் கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் ஷர்மினியுடன் நான் வாசலில் நுழைந்தபோது, ஒன்பது மான்கள் என் காட்டைத் தின்று முடித்திருந்தன. ஒன்று கடைசிக் கன்றை இழுத்தது. வேரிலிருந்து நான் கழற்றாமல் விட்ட கறுப்புப் பையும் விலைச்சீட்டும் கூடவே வந்தன.

"பத்து வருசத்து மரங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்களே?"

"இந்தக் கச்சான் வெக்கைக் காத்தில மரம் வளராது..." என்று தொடங்கினேன்.

மான் பையோடு கொட்டில் பக்கம் ஓடியது. பிளாஸ்டிக்கை விழுங்கிவிடும் என்று ஷர்மினி பின்னால் ஓடினார். அங்கே பூட்டிய கதவின் முன் இரண்டு கிண்ணியா மீனவர்கள்.

"தங்கச்சி, வழமையாத் தாற துண்டு இண்டைக்கு இல்லையா?" என்று ரமீஸாவைக் கேட்டார்கள். படகு மோதி உடையாமலிருக்க விளிம்பில் கட்டுவார்களாம்.

ரமீஸா கொப்பியொன்றை நீட்டினாள். மூன்று வருடத்து நாள், நிறை, கையெழுத்து, எல்லாம் இருந்தன.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றேன்.

"நீங்க கேக்கல்ல சேர். களவு எண்டு ஒருநாள் என்னைப் பிடிப்பீங்க எண்டுதான் எழுதி வெச்சன்."

'கழிவு எங்கே போகிறது?' என்ற கேள்விக்கு 'கழிவே இல்லை' என்று நான் எழுதியிருந்தேன். ஷர்மினி அதில் விரலை வைத்தார்.

"நீங்க எழுதினதில உண்மைக்குக் கிட்ட வந்தது இது ஒண்டுதான்."

மற்றதையெல்லாம் வெட்டச் சொன்னார். ரமீஸா சொல்லச் சொல்ல, புதுப் படிவத்தை நான் எழுதினேன். கடன் கிடைத்தது. நாற்பது பேரும் இருக்கிறார்கள். புதுப் பொயிலர் புகைக்காமல் ஓடுகிறது. சுற்றாடல் பொறுப்பாளர் ரமீஸா. அவள் கையெழுத்தில்லாமல் ஒரு படிவமும் நான் அனுப்ப ஏலாது.

வீட்டில் விருந்தாளிகளுக்கு இந்த வெற்றியைச் சொல்லத் தொடங்கினால், இரண்டாவது வசனத்திலேயே மனைவி வாசல் படலையை எட்டிப் பார்ப்பாள்.

"மெல்லக் கதையுங்கோ, மான் வருது."