மல்லாட்டைச் சட்னியும் உலகத் தரமும்

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது போய்க் கொஞ்சம் சாம்பிள் கொடுங்கள் என்று கேட்டால், கைக்கு வந்ததை அள்ளித் தரமாட்டார்கள். புடைத்து, ஊதி, பொறுக்கி, இருப்பதிலேயே நல்லதைத்தான் தருவார்கள். கேட்டவர் நம்மை மதிக்க வேண்டுமே! இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உணவுத் தொழில்நுட்பம் படித்ததில் மறந்து தொலைந்துவிட்டது.

அப்போது திருவண்ணாமலையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை வேறு. (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.) வேர்க்கடலையில், அதாவது எங்கள் ஊர் மல்லாட்டையில், பூஞ்சணம் பிடித்தால் ஒரு நஞ்சு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. வருஷக்கணக்கில் உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும். அது எவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று உலக நாடுகள் கூடி ஒரு வரம்பு எழுதிக்கொண்டிருந்தன.

அதை எழுதுவது கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரிதான். முதலில் ஒரு நகல் தயாராகி எல்லா நாட்டுக்கும் போகும். ஒருவர் இதைச் சேர் என்பார், இன்னொருவர் அதை எடு என்பார். திருத்தி மறுபடி சுற்றுக்கு விடுவார்கள். எங்கோ ஒரு பெரியப்பா முகம் சுளித்தால் திரும்பவும் முதலிலிருந்து. வாங்குகிற நாடுகள் வரம்பைக் கம்மியாக வை என்னும், விற்கிற நாடுகள் கட்டுப்படியாகாது என்னும். வாயால் சொன்னால் போதாது. ஒழுங்காகப் பயிர் வைக்கும் உங்கள் விவசாயியிடமே நிஜத்தில் நஞ்சு எவ்வளவு இருக்கிறது, அளந்து காட்டு என்பார்கள். அந்த அளவுகளையும் பார்த்துத்தான் வரம்பு முடிவாகும். எங்கள் ஜில்லாவுக்கு அளக்கும் வேலை எங்கள் கூடத்துக்கு வந்தது. சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே என்று அடி அண்ணாமலைக்கு என்னை அனுப்பினார்கள்.

அங்கே என் தாய்மாமன் ஏழுமலைக்கு மல்லாட்டைதான் பிழைப்பு. அந்த வருஷம் பிடுங்கிக் காயப்போட்ட நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க அதே கதி. நல்ல விலை கொடுப்பவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரே ஒரு வியாபாரிதான். வரம்பு ரொம்ப இறுகினால் அவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஆக, நான் எடுத்துப்போகும் பையில் ஊரே உட்கார்ந்திருந்தது. மூட்டைக்குள் கையை விட்டு, நல்லதும் கெட்டதும் கலந்தபடியே எடுக்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் நான் செய்தது, உலக நாடெல்லாம் நம்ம மல்லாட்டையைத்தான் பார்க்கப் போகிறது என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டதுதான். மாமாவுக்கு முகமெல்லாம் பல். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களையும் அவரவர் மல்லாட்டையோடு வரச் சொல்லியனுப்பினார். அத்தை முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். கறுத்தது, சூம்பினது, முளைவிட்டது எல்லாம் ஒரு பக்கம், முத்து முத்தாக இருந்தது ஒரு பக்கம். சும்மா வேடிக்கை பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று நானும் சம்மணம் போட்டுப் பொறுக்கினேன். (ஒரு சூம்பலை நல்லதில் போட்டதற்கு அத்தையிடம் திட்டு வேறு.) அப்புறம் சுடச்சுட இட்லி, மல்லாட்டைச் சட்னி. லேசாகக் கசக்கிறதே என்றேன். இன்னொரு மிளகாய் வைத்தால் தெரியாது என்றாள் அத்தை. தெரியவும் இல்லை.

பரிசோதனை முடிவு வந்தது. எங்கள் மல்லாட்டையில் நஞ்சு என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. முதலாளி கை கொடுத்தார். அம்மா தெருவுக்கே சொன்னாள்.

பிறகு வேங்கிக்காலில், வரம்பைப் பற்றி விவசாயிகளிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். பௌர்ணமிக்கு மறுநாள் ஆனதால், விடியவிடிய கிரிவலக் கூட்டத்துக்கு டீ விற்ற பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கினார்கள். மாமா மட்டும் கஞ்சி போட்ட வேட்டியில் முன்வரிசையில் இருந்தார். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி தமிழ்க்காரர்தான். வரம்பு ரொம்பக் கம்மி என்று நம் நாடு ஆட்சேபிக்க இருந்ததாம். இந்த ஜில்லாவின் அளவுகளைப் பார்த்தபிறகு வாயைத் திறக்க முடியவில்லையாம். "உங்க விவசாயிங்களால முடியுதேன்னு வாங்கற நாட்டுக்காரங்க நம்மளையே திருப்பிக் கேப்பாங்க" என்றார். எனக்கு அத்தையின் முறம் ஞாபகத்துக்கு வந்தது.

மாமா எழுந்தார். "சார், அது பொறுக்கி எடுத்ததுங்க. வெளிநாட்டுக்குப் போறதாச்சே, கண்டதையும் குடுக்க முடியுமா? பாப்பாவும்தான் கூட உக்காந்து பொறுக்குச்சு."

தூங்கினவர்கள்கூட விழித்துக்கொண்டு அந்தப் பாப்பாவை, அதாவது என்னை, திரும்பிப் பார்த்தார்கள். அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் தள்ளினேன். அதிகாரி கோபப்படவே இல்லை. கழித்ததை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"வூட்டுக்குத்தான் சார். அன்னிக்கே சட்னி அரைச்சாச்சு. பாப்பா ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடங்கிப்போனார்கள். அந்த நஞ்சு என்ன செய்யும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். தெரியும். நல்லது சந்தைக்கு, மிச்சம் நம் பிள்ளைகள் தட்டுக்கு என்று எத்தனை காலமாக நடக்கிறதோ! படித்துவிட்டு வந்தவள் அதற்கு மிளகாய் சேர்க்கச் சம்மதித்திருக்கிறேன்.

அந்த அளவுகளை ரத்து செய்தார்கள். வேறொருவர் போய் மூட்டையில் இருந்தபடியே எடுத்துவந்தார். நஞ்சு ஜாஸ்தியோ ஜாஸ்தி. நம் நாடு ஆட்சேபித்தது, நகல் மறுபடி சுற்றுக்குப் போனது. ஆனால் விஷயம் வியாபாரி காதுக்கும் எட்டி, அவர் அந்த வருஷம் வரவே இல்லை. பொய்ச் சாம்பிள் கொடுத்தால் வரம்பு இறுகும், உண்மையைக் கொடுத்தால் வியாபாரி ஓடுவார். மாமாவின் மல்லாட்டை அடிமாட்டு விலைக்குத்தான் போனது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

கழித்ததை இப்போது அவர் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார். மற்ற வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. போனால் இட்லிக்குப் பொடி கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பிற்பாடு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்க, மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொறுக்கி எடுத்த சாம்பிள் இல்லீங்க. மூட்டையில இருக்கிற மாதிரியே குடுக்கறோம்" என்றார். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை கதை முழுவதையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வைத்தாள். இன்றைக்கும் நான் கத்தும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், மூட்டையைப் பார்த்துத்தானே வாங்கினேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.